அடைக்காத வகை

மார்லிஸ் லாஹ்திக்கு ஐம்பத்தேழு வயதில் இடது காலுக்குப் புது முழங்கால் வைத்தார்கள். நவம்பரில் அறுவை சிகிச்சை நடந்தது. ஜனவரி பிறந்ததும், வாரத்துக்கு நாலு நாள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போயே தீரவேண்டும், சோம்பினால் கால் விறைத்துப்போய் மடக்கவே வராது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஊரில் இருந்தது ஒரே ஒரு கூடம். இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்களும், பார்த்தவர்களும், அவர்கள் பெண்டாட்டிமார்களும்தான் அங்கே வருவார்கள். டாக்டர் சொன்னதில் மார்லிஸுக்குப் பிடிக்காதது அந்த ஒன்றுதான்.

காரணம் அவள் புருஷன் டுவேன். பதினோரு வருஷம் சுரங்கத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவனாக இருந்தவன். போன ஆகஸ்டில் கம்பெனி ஒரு ஒப்பந்தத்தை நீட்டியது. இரண்டாவது குழியை மூடுவோம், கடைசியாகச் சேர்ந்த நூற்று நாற்பது பேருக்கு வேலை கிடையாது, மிச்சமிருப்பவர்களில் இளவட்டங்களுக்கு ஓய்வூதியம் கிடையாது என்பதுதான் அதன் சாரம். டுவேன் சங்க மண்டபத்து மேடையில் ஏறி, "இதைவிட நல்லது வராது, நான் முட்டிப் பாத்துட்டேன், கையைத் தூக்குங்க" என்றான். கை தூக்கினார்கள். அக்டோபரில் டுவேனுக்குக் கம்பெனி அலுவலகத்தில் மேஜை போட்டுக் கொடுத்தார்கள்.

அதிலிருந்து ஊர் அவளிடம் வேறு மாதிரி பேசத் தொடங்கியது. யாரும் திட்டவில்லை. அந்த ஊரில் திட்டுவது பழக்கமில்லை. நடக்கும் இயந்திரத்தில் அவள் நடந்துகொண்டிருந்தால் பக்கத்தில் வந்து நின்று, "கால் பரவாயில்லையா மார்லிஸ்? ஆபீஸ்காரங்களுக்கு நல்ல டாக்டரா குடுப்பாங்களாமே" என்பார்கள். "டுவேனுக்கு நாற்காலி வசதியா இருக்காமா?" என்பார்கள். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள். பழைய, ஒயர் இல்லாத இயர்போனைக் காதில் வைத்துப் பார்த்தாள். தலைமுடி மறைத்ததில் அது இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. வந்து பேசத்தான் செய்தார்கள். இரண்டாம் வாரம் வலது பக்கத்துக் குமிழ் கழன்று விழுந்து, ஓடுகிற பெல்ட்டோடு போய் எங்கேயோ அடியில் நசுங்கியது. எடுத்துக் கொடுக்க ஒருவரும் குனியவில்லை.

"ஒயர் வெச்சதா வாங்கிடு" என்றாள் ஜோலீன். ஜோலீன் அவளுடைய முப்பது வருஷத்துத் தோழி. அவள் புருஷன் வெர்னும் சங்கக் கமிட்டியில் டுவேன்கூடவே இருந்தவன். "ஒயர் தொங்குறதைப் பாத்தாலே எவளும் கிட்ட வரமாட்டா. காதை நல்லா அடைக்கிற வகையா பாத்து வாங்கு. எவ என்ன சொன்னா உனக்கென்ன? டுவேன் சரியாத்தான் செஞ்சாரு. அவரு இல்லேன்னா மொதக் குழியையும் சேத்து மூடியிருப்பானுங்க. நான் எங்க வேணா நின்னு சொல்லுவேன்."

மார்லிஸுக்கு அந்த ஆறு மாதத்தில் மிஞ்சியிருந்த ஆறுதல் ஜோலீனின் இந்த வார்த்தைதான்.

சனிக்கிழமை டுவேனும் அவளும் பனிச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனார்கள். விளையாட்டுச் சாமான் கடையில் இருந்தவள் நாற்பது வயசுக்காரி, உயரமானவள். ஓட்டக்காரி என்பது அவள் காலணியைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஒயர் வெச்சதா? இப்பல்லாம் யாரு மேடம் அதைக் கேக்குறாங்க? இதோ பாருங்க, ஒயரே இல்லாம, கழண்டு விழாம..."

"எனக்கு ஒயர் வேணும். நல்லா கண்ணுல படுற ஒயரா."

"அதான் வேண்டாங்குறாள்ல" என்று கடைக்காரியிடம் ஆரம்பித்த டுவேன் சட்டென்று பேச்சை மாற்றி, மார்லிஸிடம், "ஏம்மா, இருக்கறதுலயே நல்லதா வாங்கிக்கோயேன், எதுக்கு இந்தப் பழைய கயிறு?" என்றான். அவனுக்கு இப்போது தாராளம் வந்திருந்தது. அலுவலகத்துக்குப் போனதிலிருந்து அவன் எதை வாங்கினாலும் இருப்பதில் நல்லதாகவே வாங்கினான். டுவேன் மீன்பிடிச் சாமான்கள் இருந்த பக்கம் நகர்ந்துபோனான்.

கடைக்காரி கீழ்த்தட்டைத் திறந்து ஏழெட்டுப் பெட்டிகளை எடுத்து வைத்தாள். எடுத்து வைத்தபின் அவளுக்கே உற்சாகம் வந்துவிட்டது.

"உங்க போன்ல வட்ட ஓட்டை இருக்கா? இருக்கு, நல்லது. இதை விடுங்க, ஒயரு ரொம்ப மெலிசு, ஒரு மாசத்துல முனையில அறுந்துடும். இது தட்டை ஒயரு, சிக்காது. இது காதைச் சுத்தி வளைஞ்சு பிடிச்சுக்கும், தலைகீழா நின்னாலும் விழாது. வேர்வை பட்டாலும் ஒண்ணும் ஆகாது. சட்டையில மாட்ட ஒரு கிளிப்பு இருக்கு பாருங்க, அது முக்கியம். இல்லேன்னா கை வீசறப்பல்லாம் ஒயரை இழுத்துவிட்டுருவீங்க."

"காதை அடைக்கிறது எது?"

"இந்த மூணும். ரப்பர் குமிழ் உள்ள போய் உக்காந்துடும், பக்கத்துல குண்டு போட்டாக்கூட கேக்காது. போட்டுப் பாருங்க. சும்மா போட்டா தெரியாது, நின்ன எடத்துலயே நடங்க."

மார்லிஸ் போட்டுக்கொண்டு நடந்தாள். கடையின் சத்தம் முழுக்க அற்றுப்போனது. ஆனால் வேறொன்று கேட்டது. ஒவ்வோர் அடிக்கும் மண்டைக்குள் தொம், தொம் என்று இடித்தது. ஒயர் கோட்டில் உரசுவது யாரோ கதவைப் பிறாண்டுவதுபோல் இருந்தது. அதற்கு நடுவே டொக், டொக் என்று இன்னொரு சத்தம். அது என்ன என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவளுடைய புது முழங்கால். வெளியே கேட்காத அந்தச் சத்தம், காதை அடைத்ததும் எலும்பு வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. அவள் அவசரமாகப் பிடுங்கி எடுத்தாள்.

"பயந்துட்டீங்களா? சிலபேருக்கு ஆகாது" என்றாள் கடைக்காரி. "அப்ப இதைப் பாருங்க. இது உள்ள போகாது. காது வாசல்லயே உக்காரும். பாட்டும் கேக்கும், பாட்டை நிறுத்தினா வெளியில நடக்கறதும் கேக்கும். நான் ரோட்டுல ஓடறப்போ இதுதான் போடுறேன். பின்னாடி மரலாரி வந்தா தெரியணுமில்ல?"

மார்லிஸ் யோசித்தாள். அவளுக்கு வேண்டியது கேட்காமல் இருப்பதல்ல, கேட்காதவளாகத் தெரிவது. பேச்சு அவளை நோக்கி வராமல் இருந்தால் போதும். ஆரஞ்சு நிறத் தட்டை ஒயர் வைத்த, அடைக்காத வகையை எடுத்துக்கொண்டாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, மறைக்கவுமில்லை. இயர்போனைப் பற்றி யார் என்ன விசாரிக்கப் போகிறார்கள்?

அந்த ஒயர் நன்றாகவே வேலை செய்தது. இரண்டு வாரம் ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. மிதிவண்டி இயந்திரத்தில் உட்கார்ந்து, யாரோ வாசிக்கிற துப்பறியும் கதையைக் கேட்டபடி நாற்பது நிமிஷம் மிதிப்பாள். முழங்கால் நாளுக்கு நாள் கூடுதலாக மடங்கியது. அவளுக்கே அது சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை காலை, கதையில் கொலைகாரன் அகப்பட்டுவிட்டான். கதை முடிந்து சத்தம் நின்றது. இன்னும் பன்னிரண்டு நிமிஷம் மிதிக்க வேண்டியிருந்தது. கை முழுக்க வேர்வை. போனைத் தொட மனமில்லாமல் அப்படியே மிதித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஜோலீனும், மளிகைக்கடையில் வேலை பார்க்கும் டானெட்டும் அவள் முதுகுக்குப் பின்னால் பாயை விரித்துப் படுத்து வயிற்றுக்குப் பயிற்சி செய்ய ஆரம்பித்தார்கள்.

"அவ இருக்கா" என்றாள் டானெட்.

"அவளுக்கு ஒண்ணும் கேக்காது. ஒயரு தொங்குது பாரு. அடைக்கிற வகை, நான்தான் வாங்கச் சொன்னேன்."

"எப்படித்தான் தலை நிமிந்து வராளோ. நானா இருந்தா வீட்டை விட்டுக் கெளம்பமாட்டேன்."

"அவளுக்குத் தெரியாதுடி. நிஜமாவே தெரியாது."

"என்ன தெரியாது? அக்டோபர்ல ஆபீசுக்குப் போனது ஊருக்கே தெரியுமே."

"அக்டோபர் இல்ல. ஆகஸ்ட்லயே பேசி முடிச்சாச்சு. ஓட்டெடுப்புக்கு ஒன்பது நாள் முன்னாடி. மேனேஜரோட ஏரிக் குடிசைக்கு மீன் பிடிக்கப் போனாங்கல்ல, அங்க வெச்சு. டுவேனுக்கு ஒரு மேஜை, வெர்னுக்கு ஒரு மேஜைன்னாங்களாம். வெர்ன் வேண்டாம்னுட்டாரு. டுவேன் கை குடுத்துட்டாரு."

டானெட் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. "கடவுளே! அப்ப மேடையில நின்னு முட்டிப் பாத்தேன்னு அழுதது?"

"நடிப்பு."

"வெர்ன் ஏன் அன்னிக்கே எழுந்து சொல்லல?"

ஜோலீன் பாயின்மேல் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "சொன்னா எங்களுக்கு என்ன கெடைக்கும்? வெர்னுக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு. அவரு பேரு மூடாத குழியில இருக்கு" என்றாள். "உன் தம்பி பேரு போனதுல எனக்கும் வருத்தம்தான் டானெட்."

"வருத்தம்!" என்றாள் டானெட்.

மார்லிஸ் மிதிப்பதை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று பிறகு பல நாள் அவள் யோசித்ததுண்டு. இயந்திரத்தின் திரையில் நிமிஷங்கள் குறைந்துகொண்டே வந்தன. அவள் கடைசிவரை மிதித்தாள். இறங்கித் துண்டால் முகத்தைத் துடைத்தபோது ஜோலீன் எதிரே வந்து நின்று, காதில் இருப்பதைக் கழற்று என்று கையால் ஜாடை காட்டினாள். முகத்தில் எப்போதும்போல் அதே பிரியம்.

"மத்தியானம் பேக்கரியில கறி அடைச்ச பாஸ்டி சாப்பிடப் போலாமா? புதுசா அடுப்புல எடுத்திருப்பான்."

மார்லிஸ் இயர்போனைக் கழற்றி, ஒயரை நிதானமாக நாலாக மடித்தாள். "ஜோலீன், இது அடைக்கிற வகை இல்ல" என்றாள்.

ஜோலீன் ஒயரையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "மார்லிஸ்... நான் உன் நல்லதுக்குத்தான்..."

"தெரியும். நல்லதுக்குத்தான் எல்லாரும்."

கோட்டைக்கூட மாட்டாமல் அவள் வண்டிக்கு நடந்தாள். வேர்வை ஊறிய சட்டை, பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து பாகை குளிர். வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு அப்போது நினைவுக்கு வந்தது டுவேன் இல்லை, தங்கை ஐலா.

ஐலாவின் மகன் கோடி அந்த நூற்று நாற்பது பேரில் ஒருவன். இருபத்தேழு வயசு, சுரங்கத்தில் ஆறு வருஷம். செப்டம்பரில் ஐலா, "உன் புருஷன் எங்களை வித்துட்டாரு" என்று அழுதபோது, மார்லிஸ் தங்கையின் சமையலறையில் நின்று கொதித்துப்போய்ச் சண்டை போட்டாள். டுவேன் ராத்தூக்கம் இல்லாமல் உங்களுக்காக அலைந்தார் என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "உன் பையன் ஒழுங்கா வேலை பாத்திருந்தா எவனும் அனுப்பியிருக்க மாட்டான். அவன் சோம்பேறி, நீ செல்லம் குடுத்துக் கெடுத்தே" என்றும் சொன்னாள். கோடி அப்போது பக்கத்து அறையில் இருந்தான். அன்றிலிருந்து அக்காளுக்கும் தங்கைக்கும் பேச்சில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட ஐலா வரவில்லை.

வீட்டில் டுவேன் கொட்டகையில் விறகு பிளந்துகொண்டிருந்தான். அன்று அவனுக்கு விடுப்பு. அவள் வாசலில் நின்றாள்.

"உனக்கு வேலை தரோம்னு எப்ப சொன்னாங்க?"

"இதென்ன இப்ப? அக்டோபர்ல."

"டுவேன்."

அவன் கோடரியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினான். கையுறையைக் கழற்றினான். அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டான். முப்பத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது போதும். ஆனாலும் அவன் வாயால் வரட்டும் என்று நின்றாள்.

"ஆகஸ்ட்."

"ஓட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. வெர்ன் சொன்னானா?"

"யாரு சொன்னா என்ன? என்கிட்ட நீ ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?" அவன் குரல் உயர்ந்தது. "ஊரே கேட்டுச்சு. உன் தங்கச்சி கேட்டா. நீ ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைக் கேட்டியா? கேக்கமாட்டே. கேட்டா நான் சொல்லிடுவேன்னு உனக்குத் தெரியும்."

"நான் உன்னை நம்பினேன்டா."

"நம்பினா சரி. நான் கை குடுக்கலேன்னாலும் அந்தக் குழியை மூடத்தான் போறானுங்க மார்லிஸ். நூத்து நாப்பதுல ஒருத்தனையும் என்னால காப்பாத்தியிருக்க முடியாது. அப்ப யாரையாவது காப்பாத்தலாம்னு பாத்தேன். மூணு வருஷமா படியேற முடியாம நீ அழுதுட்டிருந்தே. சங்கத்துக் காப்பீட்டுல உன் முழங்காலை எத்தனை தடவை தள்ளிப்போட்டானுங்க? ஆபீஸ் காப்பீடு வந்த அஞ்சாவது வாரம் கத்தி வெச்சாங்க. அப்ப நீ கேக்கல, எப்படிடா இவ்வளவு சீக்கிரம்னு."

அவள் கேட்கத்தான் இல்லை. தேதி கிடைத்த அன்று சந்தோஷத்தில் அவனைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தாள். இப்போது அந்தக் காலில்தான் நின்றுகொண்டிருந்தாள். வலிக்கக்கூட இல்லை.

"என்னைக் காரணமா வெக்காதே" என்றாள் கடைசியில். அது அவளுக்கே பலமான பேச்சாகத் தோன்றவில்லை.

"சரி, வெக்கல" என்று டுவேன் கையுறையை மாட்டிக்கொண்டு விறகை எடுத்து நிறுத்தினான்.

மறுநாள் காலை அவள் ஐலாவின் வீட்டுக்குப் போனாள். ஐலா கதவைத் திறந்தாள், ஆனால் வாசற்படியை விட்டு விலகவில்லை. மார்லிஸ் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள்: ஏரிக் குடிசை, ஆகஸ்ட், மேஜை. "நீ சொன்னதுதான் சரி. எனக்குத் தெரியாது ஐலா. சத்தியமா தெரியாது. அவரு என்னை ஏமாத்திட்டாரு."

ஐலா முழுக்கக் கேட்டாள். கேட்டபின், "டுவேன் உன்னை ஏமாத்தினாரு. சரி. சோம்பேறின்னு சொன்னது யாரு?" என்றாள்.

"கோபத்துல..."

"அதை டுவேன் சொல்லிக் குடுத்தாரா? கம்பெனி எழுதிக் குடுத்துச்சா? என் பையன் அந்தச் சுவத்துக்கு அந்தாண்ட உக்காந்து கேட்டுட்டிருந்தான். அன்னிக்கு ராத்திரி என்னைக் கேக்குறான், அம்மா, பெரியம்மா என்னை அப்படித்தான் நெனச்சிட்டிருந்தாங்களான்னு. நான் என்ன சொல்ல? நீயே சொல்லு, என்ன சொல்ல?"

ஐலா சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

மார்ச்சில் கோடிக்கு நெவாடாவில் ஒரு தங்கச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. செய்தி மார்லிஸுக்குத் தேவாலயத்தில்தான் தெரியவந்தது, அதுவும் அவளிடம் சொல்லப்பட்டதல்ல. அவன் கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை காலை, ஐலாவின் வீட்டுக்கு எதிர்ப்புறம் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். இரவு பெய்த பனி வீட்டுப் பாதையில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அதில் கால் புதைய நடந்து, கோடி பெட்டிகளைத் தூக்கிச் சாலையோரத்தில் நின்ற டிரக்கின் பின்னால் அடுக்கினான். மெத்தை, மீன்தூண்டில்கள், ஒரு பழைய தொலைக்காட்சி. யாரும் உதவாமல் தனியாகவே அடுக்கினான். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவளுக்குத் தண்டனையாக இருந்தது.

எல்லாம் ஏற்றியபின் அவன் சாலையைக் கடந்து அவள் வண்டியிடம் வந்தான். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"ஏன் பெரியம்மா இங்கயே உக்காந்திருக்கீங்க? குளிருதே."

"கோடி, நான் அன்னிக்குச் சொன்னது..."

"விடுங்க" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். ஆனால் மேற்கொண்டு அவள் பேசுவதை அவன் விரும்பவில்லை என்பது தெரிந்தது. "அம்மா தனியா இருப்பாங்க. அப்பப்ப பாத்துக்கோங்க. பனி அள்ள ஆள் வெச்சுக்க மாட்டாங்க, பிடிவாதம். எனக்காக."

அவள் சரி என்று தலையாட்டினாள். அவன் வண்டிக் கூரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். ஐலா அவனைக் கட்டிப்பிடித்து நெடுநேரம் நின்றாள். டிரக் திருப்பத்தில் மறைந்ததும் உள்ளே போய்விட்டாள்.

மார்லிஸ் இறங்கினாள். வண்டியின் பின்பக்கத்தில் கிடந்த அகலத் தட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, சாலையோரத்திலிருந்து பனியை அள்ளி ஒதுக்க ஆரம்பித்தாள். ஈரப் பனி, கனத்தது. குனிந்து நிமிர்ந்து பாதிப் பாதைவரை வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. இன்னும் பத்தடி அள்ளினால் படி வந்துவிடும்.

கதவு திறந்தது. ஐலா தன்னுடைய மண்வெட்டியோடு படியில் நின்றாள்.

"அது எங்க பாதை மார்லிஸ்" என்றாள். "விட்டுட்டுப் போ."

"கோடிதான்..."

"அவன் நல்ல பையன். சொல்லுவான். நீ போ."

மார்லிஸ் மண்வெட்டியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டாள். பிறகு மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தான் வெட்டிய பாதை வழியாகவே சாலைக்குத் திரும்பினாள். அவள் வண்டியைக் கிளப்பும்போது, ஐலா படியிலிருந்து தனியாகப் பனியை அள்ளத் தொடங்கியிருந்தாள். அக்காள் ஏற்கெனவே அள்ளி முடித்திருந்த பக்கத்தை அவள் தொடவும் இல்லை, அதன்மேல் நடக்கவும் இல்லை. பக்கத்தில் தனியாக இன்னொரு பாதை வெட்டிக்கொண்டிருந்தாள்.